சூரிய வெந்நீர்: திறனை எங்கே அளப்பது?

சூரிய ஆற்றல் என்றாலே இன்று மின்தகடு என்றுதான் பொருள். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. ரூ.75,021 கோடி மதிப்பிலான அத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் ரூ.78,000 மானியம் கிடைக்கிறது. மின்தகடு வருவதற்கு முன்பே அதே மொட்டை மாடியில் இடம்பிடித்த மற்றொரு சாதனமும் உண்டு. சோலார் ஹீட்டர் என்று நாம் அழைக்கும் சூரிய வெந்நீர்க் கலனைப் பற்றி இப்போது அரசும் பேசுவதில்லை; ஊடகங்களும் பேசுவதில்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2010 ஜனவரியில் தொடங்கப்பட்ட ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய ஆற்றல் இயக்கம், மின்சாரத்தோடு வெப்பத்துக்கும் இலக்கு வைத்தது. முதல் கட்டத்தில் 70 லட்சம் சதுர மீட்டர், 2017-க்குள் ஒன்றரைக் கோடி, 2022-க்குள் 2 கோடி சதுர மீட்டர் பரப்பில் வெப்பம் திரட்டும் தகடுகள் நிறுவப்பட வேண்டும் என்பது திட்டம். கலனின் விலையில் 30 சதவீதம் வரை மானியமாக வழங்கப்பட்டது. 2014-இல் அந்த மானியம் நிறுத்தப்பட்டது. அதற்குள் சந்தை தன் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

இந்த இலக்குகளில் என்னை உறுத்தும் ஒன்று, அவை குறிக்கப்பட்ட அலகு. சதுர மீட்டர் என்பது நிறுவிய பரப்பைச் சொல்லும். ஒரு லிட்டர் வெந்நீர் குழாயில் வந்ததா என்பதைச் சொல்லாது. பாசனத் திட்டத்தை வாய்க்காலின் நீளத்தால் அளந்துவிட்டு, கடைமடைக்குத் தண்ணீர் போனதா என்று கேளாமல் விடுவது போன்றது இது. சூரிய வெந்நீர்க் கலனின் திறனை உயர்த்துவது பற்றிப் பேசும் பொறியாளர்கள் பெரும்பாலும் தகட்டின் பூச்சு, கண்ணாடி, குழாய் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். அவை முக்கியமானவையே. ஆனால், செட்டிநாட்டைப் போன்ற ஒரு வெப்ப மண்டலப் பகுதியில் திறன் இழக்கப்படும் இடங்கள் வேறு என்பது என் கருத்து. எனக்குத் தெரிந்த கணக்கைக் கொண்டே அதைச் சொல்ல முயல்கிறேன்.

நூறு லிட்டர் கலன் ஒன்று ஆண்டுக்கு 1,500 யூனிட் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று மத்திய புதிய, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் நீண்ட காலமாகச் சொல்லி வந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட். ஆண்டின் எல்லா நாளும் நூறு லிட்டர் தண்ணீரையும் நன்றாகச் சுடவைத்து, முழுவதையும் பயன்படுத்தும் வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். காரைக்குடியில் அப்படியொரு வீட்டைக் காண்பது அரிது. சித்திரை, வைகாசியில் இங்கே மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே கையைச் சுடும். அக்னி நட்சத்திரத்தில் காலை எட்டு மணிக்கு மேல் குளிப்பவர்கள் குளிர்ந்த தண்ணீருக்குத்தான் வழி தேடுகிறார்கள். கார்த்திகை பிறந்து மாசி முடியும்வரை, மிஞ்சிப் போனால் 120 நாள்தான் வெந்நீருக்குத் தேவை. அதுவும் கொதிக்கும் நீர் அல்ல. 40 டிகிரி இருந்தால் போதும்.

நால்வர் கொண்ட குடும்பத்தில் ஆளுக்கு 25 லிட்டர் வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் இருக்கும் நூறு லிட்டர் நீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர 1.75 யூனிட் போதும். 120 நாளுக்கு 210 யூனிட். மின் கீசரில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் 250 என்று கொள்ளலாம். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்றால் ஆண்டுக்கு மிச்சமாவது 1,500 ரூபாய். கலனின் விலை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வட்டியைக் கணக்கில் எடுக்காமலே முதல் திரும்பி வர 13 ஆண்டுகள் ஆகும். இதே கலன் அமைச்சகம் சொன்னபடி ஆண்டுக்கு 1,500 யூனிட்டை மிச்சப்படுத்தினால் 9,000 ரூபாய் கிடைக்கும். இரண்டேகால் ஆண்டில் முதல் திரும்பிவிடும். சாதனம் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். வேறுபடுவது பயன்பாடு மட்டுமே.

தமிழகத்தில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசமாக வழங்கப்படுவதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். அத்திட்டத்தின் சமூக நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், குறைவாக மின்சாரம் செலவிடும் குடும்பத்துக்குக் கீசரின் செலவு கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது. அத்தகைய குடும்பம் சூரியக் கலனுக்காகப் பணம் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருளியலுக்குப் பொருந்தாது.

தகட்டைப் பற்றிய செய்திக்கு வருகிறேன். அதில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு.

கறுப்பு வண்ணம் பூசிய தகடு வெயிலை நன்றாக உறிஞ்சும். ஆனால், சூடேறியதும் அதே தகடு அவ்வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வெளியே வீசிவிடும். உறிஞ்சுவதில் கறுப்பாகவும், வீசுவதில் பளபளப்பான உலோகத்தைப் போலவும் நடந்துகொள்ளும் பூச்சு வேண்டும். 1950-களின் நடுவில் இஸ்ரேலைச் சேர்ந்த ஹாரி டேபர் இத்தகைய தேர்வுப் பூச்சுகளை உருவாக்கிக் காட்டினார். அவர் பயன்படுத்தியவற்றுள் கறுப்பு நிக்கலும் ஒன்று. 1970-களில் அமெரிக்காவின் நாசா ஆய்வகத்தில் கறுப்புக் குரோமியப் பூச்சு சூரியத் தகடுகளுக்கு ஏற்றது என்று காட்டினார்கள். நல்ல தேர்வுப் பூச்சு, தன் மேல் விழும் வெயிலில் 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சி, சாதாரணக் கறுப்பு வண்ணம் வீசும் வெப்பத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை மட்டுமே வீசும்.

இப்பூச்சுகள் மின்முலாம் பூசும் கலையைச் சேர்ந்தவை. அக்கலைக்கென்றே ஒரு தேசிய ஆய்வுக்கூடம் காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இங்கே வந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில் நிலையம் திறக்கப்பட்டது. எங்கள் ஊரார் சிக்ரி என்று அழைக்கும் இந்நிலையத்தின் விஞ்ஞானிகள் கறுப்புக் குரோமியம், கறுப்பு நிக்கல் பூச்சுகளைச் சூரிய வெப்பத் தகடுகளுக்காக ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகமும் இத்துறையில் உழைத்தது. பிறகு சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் உருவான பூச்சைக் கொண்ட வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள் மலிவாக வந்து குவிந்தன. இன்று நம் கூரைகளில் காணும் நீண்ட கருங்குழாய்களில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவை. மின்முலாம் அறிந்த நாடு கண்ணாடிக் குழாயை இறக்குமதி செய்கிறது என்பது தனியே எழுத வேண்டிய கதை.

இங்கே சொல்ல வந்தது வேறு. தகட்டின் மேல் விழும் வெயிலில் எவ்வளவைப் பிடிப்பது என்ற கேள்விக்குப் பொறியியல் ஏற்கெனவே போதுமான விடை தந்துவிட்டது. இன்னும் இரண்டு, மூன்று சதவீதம் கூட்டலாம். எங்கள் பகுதியில் ஒரு சதுர மீட்டரில் நாள்தோறும் சராசரியாக 5 யூனிட்டுக்குச் சமமான வெயில் விழுகிறது. இரண்டு சதுர மீட்டர் தகட்டுக்கு 10 யூனிட். அதில் பாதியைப் பிடித்தாலே 5 யூனிட். நமக்குத் தேவையோ இரண்டுக்கும் குறைவு. ஆகவே, இழப்பு பிடிப்பதில் இல்லை. பிடித்த பிறகே நேர்கிறது.

முதல் எதிரி தண்ணீர். காரைக்குடியின் சம்பை ஊற்று நீரின் சுவை ஊரறிந்தது. ஆனால், கூரை மேல் தொட்டிக்கு ஏறுவது பெரும்பாலான வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர். அதன் தன்மை தெருவுக்குத் தெரு மாறும். இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கத்தக்க அளவாகவும் வைத்திருக்கிறது. 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீர் நாளொன்றுக்கு நூறு லிட்டர் கலன் வழியே சென்றால், 30 கிராம் சுண்ணாம்பும் அதன் இனத்து உப்புகளும் உடன் செல்கின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 11 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே தங்கினாலும் ஒரு கிலோவுக்கு மேல்.

பெரும்பாலான உப்புகள் சூட்டில் அதிகமாகக் கரையும். சுண்ணாம்பு கார்பனேட் அப்படியன்று. சூடு ஏற ஏற அது பிரிந்து படியும். செம்புக் குழாய்களைக் கொண்ட தட்டைத் தகட்டுக் கலனில் இப்படிவு வெப்பம் கடத்துவதைத் தடுப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். அத்தீங்கு சிறிது. பெருந்தீங்கு ஓட்டம் தடைப்படுவது. இக்கலன்களில் மோட்டார் கிடையாது. சூடான நீர் இலேசாகி மேலே ஏற, குளிர்ந்த நீர் கீழே இறங்குகிறது; மிக மெல்லிய அந்த உந்துவிசையை நம்பியே சுழற்சி நடக்கிறது. மெதுவான ஓட்டத்தில் நீரின் அளவு குழாயின் உள்விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 12 மி.மீ. உள்விட்டக் குழாயில் சுற்றிலும் ஒரு மி.மீ. படிந்து 10 மி.மீ. ஆனால், அதே விசைக்கு ஓட்டம் பாதிக்கும் கீழே போய்விடும். நீர் தாமதமாக நகர்ந்தால் தகடு கூடுதலாகச் சூடேறும். சூடேறிய தகடு அவ்வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். எவ்வளவு உயர்ந்த பூச்சாக இருந்தாலும் இங்கே தோற்கும்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு கலனைக் கழற்றியபோது நானும் மாடியில் இருந்தேன். குழாயை வெட்டிக் காட்டிய பிளம்பர், “சார், வெயில் என்ன பண்ணும்? தண்ணி போக வழியே இல்லையே” என்றார். என் பொருளியல் நூல்கள் எதுவும் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை.

வெற்றிடக் கண்ணாடிக் குழாய்க் கலனில் குழாய் அகலமானது, உடனே அடைபடாது. அடியில் தங்கும் கசடைக் குழாயைக் கழற்றிக் கழுவலாம். கடின நீர்ப் பகுதிகளில் இவ்வகை வேகமாகப் பரவியதற்கு விலையைப் போலவே இதுவும் காரணம். ஆனால், யாரேனும் கழற்றிக் கழுவ வேண்டுமே!

இதற்கு ஓர் உள்ளூர்த் தீர்வு உண்டு. செட்டிநாட்டு வீடுகளை அறிந்தவர்கள் அவற்றின் வளவு முற்றத்தையும் அறிவார்கள். நான்கு பக்கத்து ஓட்டுக் கூரையிலிருந்தும் இறங்கும் மழைநீரை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்து வைப்பது எங்கள் பாட்டிமார் காலத்து வழக்கம். மிஞ்சியது ஊருணிக்குப் போகும். மழைநீரில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 மி.மீ. மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தால் 72,000 லிட்டர். குளிர்கால 120 நாளுக்கு, நாளொன்றுக்கு நூறு லிட்டர் வீதம் கலனுக்கு வேண்டியது 12,000 லிட்டர். அதாவது ஆறில் ஒரு பங்கு. மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. வெந்நீருக்கான தேவை அதை ஒட்டியே தொடங்குகிறது. கோடைக்குச் சேமிப்பது போல் ஆறு மாதம் வைத்திருக்க வேண்டியதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, அதைப் பெரும்பாலும் நிலத்தடியில் இறக்குவது பற்றியே பேசினோம். அதில் ஒரு சிறு பங்கை வடிகட்டி, மூடிய தொட்டியில் நிறுத்தி, கலனுக்கென்று தனிக் குழாயில் கொடுத்தால் படிவுப் பிரச்சினை வேரோடு தீரும். மழைநீர் சில உலோகங்களை மெல்ல அரிக்கும் என்பதால் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியோ கண்ணாடிப் பூச்சு கொண்ட தொட்டியோ வேண்டும். அவ்வளவுதான் எச்சரிக்கை.

சாய்வுக் கோணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஆண்டு முழுதும் அதிக மின்சாரம் வேண்டுமானால் தகட்டைத் தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்ப்பது வழக்கம். மின்தகட்டுக்கு அது சரி. வெந்நீர்க் கலனுக்கு நமக்கு வேண்டியது ஆண்டு மொத்தம் அன்று, மார்கழியின் வெப்பம். டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் நம் உச்சியிலிருந்து 33 டிகிரிக்கு மேல் தெற்கே விலகி நிற்கிறது. ஜூன் 21-இல் 13 டிகிரி வடக்கே போய்விடுகிறது. தகட்டை 25 டிகிரி சாய்த்தால் டிசம்பர் நண்பகல் வெயில் 10 டிகிரிச் சாய்வில் கிடைப்பதைவிட 8 சதவீதம் அளவுக்குக் கூடும். ஜூனில் 15 சதவீதம் அளவுக்குக் குறையும். இந்தக் குறைவு நமக்கு ஆதாயம். கோடையில் யாரும் தொடாத நீர் கொதிநிலையை நெருங்கிக் கிடப்பதால்தான் படிவும் கூடுகிறது. ரப்பர் வளையங்களும் கெடுகின்றன. செலவே இல்லாத இந்த மாற்றத்தைக் கலன் பொருத்துபவர்கள் செய்வதில்லை. கடையிலிருந்து வரும் தாங்கி எந்தச் சாய்வில் இருக்கிறதோ அதுவே சாய்வு. கோடையில் தகட்டின் மேல் ஒரு தார்ப்பாயைப் போர்த்தி வைக்கலாம் என்பதையும் அவர்கள் சொல்வதில்லை.

அடுத்தது, மாடியிலிருந்து குளியலறை வரையுள்ள தூரம். ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டும் கொண்ட வீடுகள் எங்களுடையவை. கலன் ஒரு மூலையில், குளியலறை மறு மூலையில். முக்கால் அங்குலக் குழாய் 30 மீட்டர் ஓடினால் அதில் 7, 8 லிட்டர் தண்ணீர் நிற்கும். இரவெல்லாம் ஆறிப்போன அந்த நீர் வெளியேறிய பிறகே வெந்நீர் வரும். குளித்து முடித்ததும் அதே அளவு வெந்நீர் குழாயில் தங்கி ஆறும். ஒருவருக்கு 25 லிட்டர் என்று கணக்கிட்டோம். அதில் மூன்றில் ஒரு பங்கு போகும் வழியில் போய்விடுகிறது. மார்கழியில் விடியலுக்கு முன் எழுந்து குளித்துக் கோயிலுக்குப் போகும் ஊர் இது. முந்தைய நாள் பிற்பகல் சூடான நீர் பதினைந்து மணி நேரம் தொட்டியில் சூடு ஆறாமல் காத்திருக்க வேண்டும். ஆகவே, பூச்சைவிடத் தொட்டியைச் சுற்றியுள்ள நுரை உறையும், குழாய்க்கு இடும் உறையும் இங்கே முக்கியம். கலன் வாங்கும்போது எத்தனை குழாய் என்று எண்ணுபவர்கள், உறையின் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பதில்லை. அழகுக்காகத் தட்டைத் தகட்டுக் கலனின் தொட்டியைத் தாழ்த்தி வைப்பதும் உண்டு. தகட்டின் மேல் விளிம்பைவிடத் தொட்டியின் அடிப்பகுதி ஓர் அடியாவது உயரமாக இல்லாவிட்டால், இரவில் சுழற்சி திசை மாறி, பகலில் பிடித்த வெப்பத்தை வானத்துக்கே திருப்பிக் கொடுக்கும்.

மழை நாளுக்கென்று பொருத்தும் மின்சூடேற்றியின் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்கும் வீடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே இருப்பது மொட்டை மாடியில் வைத்த கீசர்.

இவை அனைத்தும் யாருக்கும் தெரியாத இரகசியங்கள் அல்ல. தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? இங்கேதான் பொறியியல் முடிந்து பொருளியல் தொடங்குகிறது. கலனை விற்பவரின் வருவாய் விற்ற நாளோடு முடிகிறது. மானியம் இருந்த காலத்தில் அரசும் நிறுவிய நாளில் பணம் கொடுத்தது; ஐந்தாம் ஆண்டில் அது இயங்குகிறதா என்பதற்கு ஒரு காசும் ஒதுக்கவில்லை. மானியத்தை நம்பி எங்கள் ஊரில் திறந்த கடைகளில் சில அம்மானியத்தோடு மறைந்தன. உதிரி வளையம் வேண்டுமென்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது. வாடகை வீட்டில் கலனை வாங்குபவர் வீட்டுக்காரர். மின்கட்டணம் கட்டுபவர் குடியிருப்பவர். செட்டிநாட்டில் இதற்கும் மேல் ஒரு சிக்கல். ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள்; ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். பொங்கலுக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வீடு திறக்கும். யாரோ ஒருவர் ஆர்வத்தில் வாங்கி வைத்த கலனுக்கு ஆண்டுச் செலவு யாருடைய புள்ளியில் எழுதுவது என்ற கேள்வி எந்தக் கூட்டத்திலும் தீராது. ஆண்டில் பத்து நாள் திறக்கும் வீட்டின் மேல் 365 நாளும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் கலன்கள் இன்றும் இருக்கின்றன.

ஆகவே, தயக்கமின்றிச் சொல்கிறேன்: எங்கள் பகுதியில் ஒரு நடுத்தரக் குடும்பம் கூரைக்கு முதலீடு செய்ய விரும்பினால், மின்தகடே பொருத்தமானது. இரண்டு சதுர மீட்டர் மின்தகடு நாளுக்கு 1.6 யூனிட் அளவில்தான் தரும். அதே பரப்பில் வெப்பத் தகடு அதைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு வெப்பம் தரும். ஆனால், மின்சாரத்தைக் கோடையில் மின்விசிறிக்குச் செலவிடலாம். மிஞ்சினால் மின்வாரியத்துக்குக் கொடுக்கலாம். சித்திரை மாதத்து வெந்நீரை யாரிடம் கொடுப்பது? வெப்பவியலில் திறன் குறைந்தது பொருளியலில் திறன் மிகுந்ததாக இருக்கலாம்.

அப்படியானால் வெந்நீர்க் கலனைக் கைவிட வேண்டுமா? அதை வைத்த இடம்தான் தவறு. ஆண்டு முழுதும் நாள்தோறும் வெந்நீர் செலவாகும் கூரைகள் இங்கேயே இருக்கின்றன. செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகள் விடுதிகளாகியிருக்கின்றன. அங்கே தங்க வரும் வெளியூரார் மே மாதத்திலும் வெந்நீர் கேட்கிறார்கள். நூறு லிட்டரை 25 டிகிரி உயர்த்தினால் ஆண்டுக்கு ஆயிரம் யூனிட்டுக்கு மேல் ஆகும். வணிகக் கட்டணத்தில் அதன் மதிப்பு வீட்டுக் கணக்கைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். மருத்துவமனைகள், கல்லூரி விடுதிகள், துணி வெளுக்கும் நிலையங்கள் ஆகியவையும் இத்தகையவையே. மருத்துவமனைத் தொட்டியில் நோய்க் கிருமிகள் வளராதிருக்க நீரை 60 டிகிரியில் வைக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் தேர்வுப் பூச்சின் அருமையும் தெரியும்.

பொதுவாக யாரும் எண்ணிப் பார்க்காத இன்னோர் இடம் சமையற்கட்டு. செட்டிநாட்டுச் சமையல் இன்று ஒரு தொழில். கல்யாண மண்டபத்திலும் மெஸ்ஸிலும் நாள்தோறும் நூற்றுக்கணக்கான லிட்டர் நீர் அடுப்பில் ஏறுகிறது. 28 டிகிரியில் ஏற்றும் நீரை 60 டிகிரியில் ஏற்றினால், கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தில் 44 சதவீதம் மிச்சம். நூறு லிட்டருக்கு ஏறத்தாழ அரைக் கிலோ எரிவாயு. நாளுக்கு 500 லிட்டர் கொதிக்கவைக்கும் சமையற்கூடம் எட்டு நாளைக்கு ஒரு முறை 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றை மிச்சப்படுத்தும். சமையலுக்கு என்பதால் குடிநீர்த் தரமும், துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியும் கட்டாயம். இலாபக் கணக்குத் தெரிந்த தொழில்முனைவோர் பலர் இதைச் செய்யாமலிருப்பதற்குக் காரணம், யாரும் வந்து கணக்குப் போட்டுக் காட்டாததே.

இஸ்ரேல் 1980 முதல் புதிய குடியிருப்புகளுக்குச் சூரிய வெந்நீரைக் கட்டாயமாக்கியது. அங்கே குளிர்காலம் உண்டு, பலன் கிடைத்தது. கர்நாடகம் 2007-இல் கட்டாயமாக்கியதோடு, மின்கட்டணத்திலும் யூனிட்டுக்கு 50 காசு தள்ளுபடி கொடுத்தது. பெங்களூரின் காலைக் குளிருக்கு அது பொருந்தியது. தமிழகத்தின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளும் தங்கும் விடுதி, மருத்துவமனை, கல்யாண மண்டபம் போன்றவற்றுக்குச் சூரிய வெந்நீரைச் சொல்கின்றன. கட்டாயப்படுத்திய இடங்கள் சரியானவை. ஆனால், கட்டட நிறைவுச் சான்றுக்காக வரும் அலுவலர் தொட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். தொட்டி இருப்பதற்கும் வெந்நீர் வருவதற்கும் உள்ள இடைவெளியைத்தான் இவ்வளவு நேரம் பேசினோம்.

நுழையும் நீரின் வெப்பநிலை, வெளியேறும் நீரின் வெப்பநிலை, ஓடிய நீரின் அளவு ஆகிய மூன்றையும் பதிவு செய்யும் வெப்ப மீட்டர் புதிய கண்டுபிடிப்பு அல்ல. மின்சாரத்தை மீட்டர் வைத்து அளந்து காசு கொடுக்கிறோம். வெப்பத்தை அளக்க ஏன் தயங்க வேண்டும்? மானியம் மீண்டும் வருமானால், நிறுவிய சதுர மீட்டருக்காக அல்லாமல், இம்மீட்டர் காட்டும் யூனிட்டுக்காக ஐந்து ஆண்டுகள் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். அப்போது குழாயில் சுண்ணாம்பு படிந்தால் நட்டம் நிறுவியவருக்கு; அவரே ஆள் அனுப்பிக் கழுவுவார். சாய்வுக் கோணத்தையும் உறையின் கனத்தையும் அவரே கவனிப்பார். வெந்நீரை விற்பதே தொழில் என்றாகிவிட்டால், கலனின் திறனைப் பற்றி அரசு கவலைப்பட வேண்டியதில்லை.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானது. கட்டட அனுமதியும், விடுதிகளுக்கும் மண்டபங்களுக்கும் உரிமம் புதுப்பிப்பதும் அதன் கையில் இருக்கின்றன. உரிமம் புதுப்பிக்கும்போது மீட்டரின் ஓராண்டுப் பதிவைக் கேட்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை. தெருவாரியாக ஆழ்துளை நீரின் கடினத்தன்மையை அளந்து ஒரு வரைபடம் தயாரிக்கச் சிக்ரியும் இங்குள்ள பொறியியல் கல்லூரியும் அழகப்பா பல்கலைக்கழகமும் உதவ முடியும்; ஒரு பருவத்து மாணவர் திட்டப்பணியே போதும். எந்தத் தெருவில் மழைநீர்த் தொட்டி இன்றிக் கலன் வைக்கக் கூடாது என்பது அதில் தெரிந்துவிடும். அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிளம்பர் படிப்பவர்களுக்குக் கலன் கழுவுவதையும் வளையம் மாற்றுவதையும் இரண்டு வாரம் கற்றுக்கொடுத்தால், ஐப்பசி மாதத்தில் அவர்களுக்கு வேலைக்குக் குறைவிருக்காது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், தொட்டிகளைக் கழுவி வைக்கும் நாள்களில் இவ்வேலையைத் தொடங்குவது நல்லது.